முதுகுக்குப் பின்னால் ஒரு துவக்கு

அண்ணை,

நேற்று என் மகள் பழைய குளிர்ச்சட்டைகளை யாருக்காவது கொடுத்துவிடலாம் என்று ஒவ்வொன்றாகப் பைகளைத் துழாவிக்கொண்டிருந்தாள். என் சட்டையின் உள்பையிலிருந்து செம்மஞ்சள் நிறத்தில் ஒரு சின்னப் பஞ்சுக் குமிழ் வந்தது. "பப்பா, செ குவா, சா?" என்றாள். அவளுக்குச் சந்தேகம் வந்தால் பிரெஞ்சு, கோபம் வந்தால் ஆங்கிலம், பசி வந்தால் மட்டும் தமிழ்.

"காதுக்குள்ளை வைக்கிறது, பிள்ளை. சத்தம் கேக்காமல் இருக்க."

"அம்மா கதைக்கேக்கை வைக்கிறதா?" என்று தமிழிலேயே கேட்டாள். பசித்திருக்க வேண்டும்.

அவள் போனபிறகு அதை விரலால் உருட்டி மெலிதாக்கிக் காதுக்குள் தள்ளினேன். அது உள்ளே மெல்ல மெல்லப் பெருக்க, குளிர்சாதனப் பெட்டியின் இரைச்சல் போனது, தெரு போனது, லவால் நகரம் முழுவதும் போனது. என் இதயம் அடிப்பது மட்டும் கேட்டது. சட்டைப் பையை மூக்கில் வைத்துப் பார்த்தேன். வெடி கொளுத்தி முடிந்த முற்றத்தின் மணம், அதோடு கொஞ்சம் எண்ணெய். நீங்கள் போய் இரண்டு பனிக்காலம் கழிந்துவிட்டது. மணம் இன்னும் போகவில்லை.

நாங்கள் சிநேகிதமானதே ஒரு கதிரைச் சண்டையில்தானே. செயின்ட்-மிஷேலில் ஆஸ்பத்திரித் துணி தோய்க்கும் எங்கள் தொழிற்சாலையின் சாப்பாட்டறையில், சுவரோடு முதுகை வைத்துக் கதவைப் பார்த்தபடி இருக்கக்கூடிய கதிரை ஒன்றுதான் இருந்தது. வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே நீங்கள் அதில் இருந்துவிட்டீர்கள். நான் சாப்பாட்டுப் பெட்டியோடு முன்னால் நின்று, "அண்ணை, அது என்ர இடம்" என்றேன். நீங்கள் என்னை மேலும் கீழும் பார்த்தீர்கள்.

"யாழ்ப்பாணமா?"

"ஓம்."

"அதுதான். கதிரைக்கும் காணி உறுதி மாதிரி முடிச்சு வச்சிருப்பீங்க."

"நீங்கள் மட்டக்களப்போ? அப்ப நீங்கள் ஏன் கதவைப் பாத்துக்கொண்டு இருக்கிறியள்?"

"நீ ஏன் பாக்கிறியோ, அதுக்குத்தான், மனே."

அடுத்த நாள் இன்னொரு கதிரையை இழுத்து அதே சுவரோடு போட்டோம். அன்றிலிருந்து இரண்டு குடும்பத் தலைவர்கள், பஸ்ஸில் போகும் பள்ளிப் பிள்ளைகள் மாதிரி ஒரே பக்கம் பார்த்தபடி சோறு சாப்பிட்டோம். மற்றவர்கள் எங்களைப் பற்றி என்ன நினைத்தார்களோ, கேட்கும் அளவுக்கு என்னிடம் பிரெஞ்சு இருக்கவில்லை.

இயந்திரங்கள் திருத்தும் ஜீல் ஒரு சுடுபயிற்சிக் கழகத்தில் இருந்தான். ஞாயிற்றுக்கிழமைகளில் போய்க் குறி வரைந்த கடதாசியில் சுட்டுவிட்டு, திங்கட்கிழமை அந்தக் கடதாசியைக் கொண்டுவந்து எங்களுக்குக் காட்டுவான், பிள்ளையின் பள்ளிக்கூட அறிக்கையைக் காட்டுவது போல. ஒரு திங்கட்கிழமை நீங்கள் சோற்றைப் பிசைந்தபடி, "என்னையும் கூட்டிட்டுப் போவானா எண்டு கேள்" என்றீர்கள்.

எனக்குப் புரையேறிவிட்டது. துணிவண்டி சுவரில் மோதினாலே குனிகிற ஆள் நீங்கள். உங்களுக்குப் பக்கத்தில் குனிகிற ஆள் நான்.

"அண்ணை, விசரோ? துவக்குக்குப் பயந்துதானே இஞ்சை வந்தனாங்கள்?"

"இவ்வளவு காலமும் துவக்குட வாயத்தான் பாத்திருக்கன். பிடி எப்பிடி இருக்கெண்டு ஒருக்காப் பாக்கணும்."

ஊரில் அப்போது சமாதானம் பேசிக்கொண்டிருந்தார்கள். அந்தத் துணிவில் கேட்டீர்களோ தெரியாது. நான் ஜீலிடம் கேட்டேன். என் பிரெஞ்சு, மேற்பார்வையாளர் ஏசி ஏசிக் கற்பித்த பிரெஞ்சு. அதில் 'தயவுசெய்து' என்ற சொல் கிடையாது. ஆனாலும் ஜீல் சந்தோஷமாகத் தலையாட்டினான்.

முதல் ஞாயிற்றுக்கிழமை நாம் செய்த கூத்தை நினைத்தால் இப்போதும் தனியே சிரிக்கிறேன். லவாலையும் தாண்டி, சோள வயல்களுக்கு நடுவே, கழக வாசலில் சிவப்பும் வெள்ளையுமாக ஒரு குறுக்குத் தடி. ஜீல் காரை நிறுத்தினான். பார்த்தால் நீங்களும் நானும் காருக்கு வெளியே தெருவில் நிற்கிறோம். யாரும் இறங்கச் சொல்லவில்லை. தடியைக் கண்டதும் கால் தானாக இறங்கிவிட்டது. ஊரில் சோதனைச் சாவடியில் பஸ்ஸைவிட்டு இறங்கி, அடையாள அட்டையை நெஞ்சுக்கு நேரே பிடித்தபடி நடந்து, அந்தப் பக்கம் போய் ஏறுவோமே, அதே நடை. கையில் அகப்பட்டது மருத்துவ அட்டை. நீங்கள் முன்னால், நான் பின்னால். காருக்குள் ஜீல் வாயைப் பிளந்தபடி. வாசலில் நின்ற கிழவர் எங்கள் அட்டைகளை வாங்கி மாறி மாறிப் பார்த்துவிட்டு, "உங்களுக்குச் சுகமில்லையா?" என்று கேட்டார்.

உள்ளே போனபிறகு எனக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. அங்கே கண்ட ஒழுங்கு அப்படி. கொஞ்ச நேரம் சுடுவார்கள். பிறகு மணி அடிக்கும். எல்லோரும் துவக்கை வெறுமையாக்கி, தோட்டா போகும் அறையைத் திறந்து, மேசையில் வைத்துவிட்டு மஞ்சள் கோட்டுக்குப் பின்னால் வரவேண்டும். அன்று கண்காணிப்பு ஜீலின் முறை. ஒவ்வொரு துவக்கையும் கண்ணால் பார்த்தான். பார்த்தது போதாதென்று விரலையும் விட்டுப் பார்த்தான். பிறகுதான் போகலாம் என்றான். அதற்குப் பிறகு ஒருவரும் துவக்கைத் தொடக்கூடாது. தொப்பி போட்ட கிழவர்கள், அத்தனை துவக்குகளுக்கும் முதுகைக் காட்டிக்கொண்டு, தக்காளிக் கன்றுகளைப் பற்றிக் கதைத்தபடி தங்கள் தங்கள் கடதாசியைப் பார்க்க நடந்தார்கள். துவக்குக்கு முன்னால் மனிதன் இப்படியும் நடக்கலாம் என்பதை நான் அன்றுதான் கண்டேன். கோவிலுக்குள் நிற்பது போல இருந்தது, அண்ணை. பகிடிக்குச் சொல்லவில்லை.

நீங்கள் மட்டும் போகவில்லை. மஞ்சள் கோட்டிலேயே நின்றீர்கள்.

"நீ போய் என்டயயும் எடுத்திட்டு வா."

அடுத்த ஞாயிறும் அப்படி. அதற்கடுத்த ஞாயிறும். ஜீலின் துவக்கை வாங்கிச் சுடுவீர்கள், மோசமில்லாமல் சுடுவீர்கள், மணி அடித்ததும் என்னைப் பார்ப்பீர்கள். திரும்பி வரும்போது ஒருநாள் காருக்குள் உங்களைச் சீண்டினேன்: "நான் என்ன உங்கட பியோனோ?" நீங்கள் சிரிக்கவில்லை. வெளியே சோளத்தைப் பார்த்தபடி சொன்னீர்கள்:

"ஒருக்கா எங்கள நடக்கச் சொன்னாங்க. வயல் வழிய. திரும்பிப் பாக்கக் கூடாதெண்டாங்க. நான் நடந்திட்டன். பக்கத்தில நடந்தவன் வரல்ல."

ஜீலுக்குத் தமிழ் தெரியாது. ஆனால் வானொலியை நிறுத்தினான்.

"சுடுறது லேசு, மனே. முதுகக் காட்டி நடக்கிறதுதான் ஏலாம இருக்கு. ஒரு நாளைக்கு நானே போய் எடுக்கணும். அதுக்குத்தான் வாறன்."

அன்றிலிருந்து நான் பியோன் வேலையை மரியாதையாகச் செய்தேன்.

பிறகு நீங்கள் துவக்கு வைத்திருக்க அனுமதி எடுப்பதென்று முடிவு செய்தீர்கள். நானும் உங்களோடு வகுப்புக்கு வந்தேன். விண்ணப்பத்தில் மனைவியும் ஒப்பமிட வேண்டும் என்று நான் உங்கள் வீட்டில் அக்காவுக்கு விளங்கப்படுத்தியபோது, அவர் பேனாவை வாங்கிக்கொண்டு சொன்னது நினைவிருக்கிறதா? "கனடாவுக்கு வாறதுக்கு எனக்கிட்டக் கேக்கல்ல. துவக்குக்காவது கேக்கிறாங்களே." பரீட்சையில் நீங்கள் தேறினீர்கள். நான், துவக்கின் வாய் எப்போதும் ஆட்கள் இல்லாத பக்கம் இருக்கவேண்டும் என்பதை மிக அழகாக விளக்கினேன். விளக்கும்போது துவக்கு பரீட்சகரின் வயிற்றுக்கு நேரே இருந்தது. ஓ.எல். கணக்குக்குப் பிறகு நான் அவ்வளவு தெளிவாகத் தோற்ற பரீட்சை வேறில்லை.

உங்களுக்குக் கார்பைன் வாங்கச் சொன்னவன் ஜீல்தான். கைத்துப்பாக்கிக்குப் போடுகிற குட்டித் தோட்டாவையே போட்டுச் சுடுகிற, நீளம் குறைந்த ரைபிள். தோளில் உதைக்காது, சத்தம் குறைவு, கிட்டத்துக் கடதாசிக்கு அது போதும் என்றான். லவாலில் ஒரு கடைக்குப் போனோம். கடைக்காரர் மூன்றை எடுத்து வைத்தார். இரண்டு கறுப்பு, தானாகத் தோட்டா ஏற்றுகிறவை. மற்றது மரப்பிடி போட்டது. ஒவ்வொரு முறையும் கீழேயுள்ள வளையத்தை, அவர்கள் லீவர் என்பார்கள், கையால் கீழே தள்ளி மேலே இழுக்கவேண்டும்.

"நம்பிக்கையானது எது எண்டு கேள்" என்றீர்கள். கேட்டேன். கடைக்காரர் கறுப்பு இரண்டையும் புகழ்ந்தார். எந்தத் தோட்டாவைப் போட்டாலும் விழுங்குமாம், குளிரில் இறுகாதாம், சிக்கவே சிக்காதாம். மரப்பிடியைப் பற்றி உண்மையைச் சொன்னார்: லீவரைப் பயந்து பயந்து தள்ளினால் தோட்டா குறுக்கே மாட்டும், தயங்காமல் கடைசிவரை தள்ளவேண்டும்.

நீங்கள் கேட்டுவிட்டுத் தலையை ஆட்டினீர்கள். "சுடும் எண்டு எல்லாத்தயும் நம்பலாம். சுடாது எண்டு எதை நம்பலாம்? அதக் கேள்."

எனக்குத் தெரிந்த பிரெஞ்சில் அதையும் சொன்னேன். கடைக்காரர் முகம் சுருங்கி, பழுதான துவக்கு தாங்கள் விற்பதில்லை என்றார். நான் இன்னும் விளக்கப் போய் இன்னும் கெடுத்திருப்பேன். நல்ல காலம், ஜீல் குறுக்கே வந்தான். அவனுக்கு என் பிரெஞ்சு விளங்கவில்லை, உங்களை விளங்கியிருந்தது. கடைக்காரரிடம் ஏதோ மெதுவாகச் சொன்னான். மூன்றையும் திறந்து தாங்கியில் நிறுத்தி வைக்கச் செய்தான். பிறகு உங்கள் முழங்கையைப் பிடித்துக் கடையின் மறுகோடிக்குக் கூட்டிப்போய், "பார்" என்றான்.

மற்ற இரண்டிலும் கறுப்புக்குள் கறுப்பாக ஒரு சின்ன வாசல். திறந்திருக்கிறதா மூடியிருக்கிறதா என்று அந்தத் தூரத்தில் சொல்ல முடியவில்லை. மரப்பிடியின் லீவரோ, மெட்ரோவில் தூங்கிப்போன என் தாடையைப் போலக் கீழே தொங்கியது. தொங்கும்வரை அது சுடாது. நீங்கள் அதோடும் நிற்கவில்லை. கதவைத் திறந்து வெளியே போய், தெருவின் ஓரத்தில் நின்று, கண்ணாடிக்கூடாக எட்டிப் பார்த்தீர்கள். பாண் வாங்கிக்கொண்டு போன ஒரு பெண்ணும் என்ன விசேஷமோ என்று நின்று எட்டிப் பார்த்தாள். அப்புறம் உள்ளே வந்து மரப்பிடியைத் தொட்டீர்கள். "இதுதான். தூர நிண்டாலும் தெரியிது."

அந்த இலையுதிர் ஞாயிறு. மேப்பிள் இலைகள் கடதாசிகளுக்கு முன்னால் பறந்துகொண்டிருந்தன. நீங்கள் உங்கள் சொந்தக் கார்பைனால் சுட்டீர்கள். லீவரைத் தயங்காமல் கடைசிவரை தள்ளினீர்கள், ஒன்றும் மாட்டவில்லை. மணி அடித்தது. லீவரைத் தொங்கவிட்டு, மேசைத் தாங்கியில் வைத்துவிட்டுக் கோட்டுக்கு வந்தீர்கள். ஜீல் பார்த்தான், விரல் விட்டான், போகலாம் என்றான். வழக்கம்போல நான் புறப்பட்டேன்.

"நீ நில்" என்றீர்கள்.

மற்றவர்கள் போய்த் திரும்பிவிட்டார்கள். கோட்டுக்கு அப்பால் நீங்கள் மட்டும். கொஞ்சம் நடந்து திரும்பிப் பார்த்தீர்கள். லீவர் தொங்கியது. இன்னும் கொஞ்சம் நடந்து மறுபடி பார்த்தீர்கள். தொங்கியது. எனக்குப் பக்கத்தில் நின்ற ஜீல் தன் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய்க் கோத்துக்கொண்டான். அவனைப் பார்த்து அடுத்த கிழவர். பிறகு அதற்கடுத்தவர். கோடு முழுவதும், தொப்பி போட்ட அத்தனை பேரும், கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார்கள்.

அண்ணை, எங்கள் ஊரில் கை பின்னால் போனது துவக்குக்கு முன்னால் நின்றவர்களுக்குத்தான். இங்கே துவக்குப் பக்கம் நின்றவர்கள் கட்டிக்கொண்டு நின்றார்கள். ஒருவரும் கட்டச் சொல்லவில்லை. நீங்கள் மூன்றாம் தரம் திரும்பியபோது அதைக் கண்டீர்கள். கொஞ்ச நேரம் அசையாமல் எங்களையே பார்த்தீர்கள். அதன்பிறகு திரும்பவேயில்லை. உங்கள் முதுகு சிறிதாகிச் சிறிதாகிக் கடதாசிவரை போனது. நானும் கையைப் பின்னால் கட்டியிருந்தேன். மூக்கு ஒழுகியது, துடைக்கவில்லை.

கடதாசிக்கு முன்னால் வெகுநேரம் நின்றீர்கள். கழற்றிக்கொண்டு, வயல் பார்க்கப் போய் வருகிற ஆள் போல ஆறுதலாக வந்தீர்கள். என்னிடம் நீட்டினீர்கள். நான் முன்னும் பின்னும் பார்த்தேன். ஒரு ஓட்டைகூட இல்லை.

"அண்ணை, ஒண்டும் படேல்லையே!"

"அதெப்பிடிப் படும்? இண்டைக்கு நடக்கிறதெண்டு நினச்சிட்டுத்தானே சுட்டன். கை நிண்டாத்தானே."

ஜீல் முதலில் சிரித்தான். பிறகு அந்தக் கோடே சிரித்தது. அந்த வெறும் கடதாசியை நீங்கள் சமையலறைச் சுவரில் ஒட்டினீர்கள். வருகிறவர்கள் இதென்ன என்று கேட்டால், "நான் போய் எடுத்தது" என்பீர்கள். அக்கா இன்னும் கழற்றவில்லை. கார்பைன் இப்போது முறைப்படி ஜீலின் பெயரில் இருக்கிறது.

கடைசியாக உங்களை ஆஸ்பத்திரியில் பார்த்தபோது, நெஞ்சுவரை மூடியிருந்த விரிப்பின் ஓரத்தை இரண்டு விரலால் தூக்கிக் காட்டினீர்கள். எங்கள் தொழிற்சாலையில் தோய்த்தது. "சரியாத் தோய்க்கல்ல, மனே" என்றீர்கள். உங்கள் கட்டில் ஜன்னலைப் பார்த்திருந்தது, கதவு உங்கள் தலைமாட்டுக்குப் பின்னால். கட்டிலைத் திருப்பிப் போடச் சொல்லட்டோ என்று கேட்டேன். வேண்டாம், மரம் தெரிகிறது என்றீர்கள்.

இதைத் தொழிற்சாலைச் சாப்பாட்டறையில் இருந்துதான் எழுதுகிறேன். போன மாதம் கொங்கோவிலிருந்து வந்த ஒருவர் வேலைக்குச் சேர்ந்தார். முதல் நாள் சாப்பாட்டுப் பெட்டியோடு வந்து, சுவரோடு இருந்த நம் கதிரைகளைப் பார்த்தார், பிறகு கதவைப் பார்த்தார். எனக்கு உடனே தெரிந்துவிட்டது. எழும்பி, என் கதிரையை இழுத்து அவருக்கு முன்னால் போட்டுக்கொண்டு, உங்கள் கதிரையை அவருக்குக் காட்டினேன். இப்போதும் அவர் அதில்தான், கதவைப் பார்த்தபடி மரவள்ளிக்கிழங்கு சாப்பிடுகிறார்.

எனக்குப் பின்னால் கதவு திறக்கிறது. யாரோ வருகிறார்கள், சப்பாத்துச் சத்தம் கேட்கிறது. அவர் நிமிர்ந்து பார்க்கிறார். நான் சோற்றைப் பிசைகிறேன், அண்ணை.