பிரபஞ்சத்தையும் டார்கெட்டுக்கு இழுத்தவர்

மூக்கண்டப்பள்ளி, 12.8.2006

அன்புள்ள அப்பாவுக்கு, வினிதாவின் வணக்கம். மூட்டுவலி தேவலையா? நான் நல்லாத்தான் இருக்கேன்.

எங்க ஃபேக்டரியில ஷிஃப்ட் தொடங்குமுன் தினமும் ஒருத்தர் ஏதாவது நல்ல விஷயம் பேசணும். நேத்து என் முறை. அணுவைவிடச் சின்னதா இருந்த பிரபஞ்சம், கண் இமைக்கிறதுக்குள்ள ஊதிப் பெருத்ததைச் சொன்னேன். உடனே சூப்பர்வைசர், "பிரபஞ்சமே அப்படி வளர்ந்திருக்கு, உங்களால ஒரு நாளைக்கு நாற்பது பீஸ் சேர்த்துப் போட முடியாதா?"ன்னு கேட்டார். எல்லாரும் கைதட்டினாங்க. சீ, நானும் தட்டினேன்ப்பா!

பிரபஞ்சம் ஊதின அந்த வேகம் அடங்கின பிறகுதான் நட்சத்திரமெல்லாம் உண்டாச்சு. அதைச் சொல்லவே விடலை.

நார்த்தங்காய் ஊறுகாயும் என் காலேஜ் பிசிக்ஸ் நோட்டும் அனுப்புங்க. கம்பெனி பஸ் வந்துடுச்சு. அடுத்த ஞாயிற்றுக்கிழமை போன் பூத்திலிருந்து கூப்பிடுறேன், மீதியை நீங்களாவது கேளுங்க.

வினிதா