வளராமல் இருக்கச் சொன்னாயாமே

வினோதா,

நலம் விசாரிக்கும் பொறுமை இன்று எனக்கு இல்லை. போனில் பேசினால் பாப்பா பக்கத்தில் வந்து நின்றுகொள்கிறாள். அதனால்தான் லீவு முடிந்து குவைத்துக்குத் திரும்பும் ஷிராணி அக்காவிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

உன் மகள் தலைமுடியை வெட்டிக்கொண்டாள். நான் தேயிலை மலையிலிருந்து வேலை முடிந்து வந்தபோது, லயத்து வீட்டு வாசலில் கத்தரிக்கோலோடு உட்கார்ந்திருந்தாள். பின்னல் தரையில் கிடந்தது.

"ஏன்டி இப்படிப் பண்ணுன?"

"கவ்வாத்து வெட்டுனேம்ப்பா. வெட்டிவிட்டாத்தான் தேயிலை மரமா வளராதுன்னு நீங்கதானே சொன்னீங்க."

கவ்வாத்துக் கத்தி பிடித்துப் பிழைக்கிறவனுக்கு இது வேண்டும்தான்.

"நீ எதுக்குடி வளரக் கூடாது?"

"அம்மா வர்ற வரைக்கும் இப்படியே குட்டியா இருக்கச் சொன்னாங்க."

பிள்ளையைக் கொஞ்ச உனக்கு வேறு வார்த்தையே கிடைக்கவில்லையா? ரொட்டியில் பாதியை நாய்க்குப் போடுகிறாள். பிள்ளைக்குச் சோறு போடுவதில்லையா என்று டீச்சர் என்னைக் கேட்கிறார். மெலிந்துவிட்டாள், ஆனாலும் உயரம் நிற்கவில்லை. நீ அனுப்பிய கவுன் முழங்காலுக்கு மேலே ஏறிவிட்டது. அதைக் கீழே இழுத்துப் பிடித்துக்கொண்டு, "சரியாத்தான் இருக்குப்பா" என்கிறாள்.

கவ்வாத்து வெட்டினால் செடி முன்பைவிட வேகமாகத் துளிர்க்கும் என்று ஆத்திரத்தில் சொல்லித் தொலைத்தேன். அதுவரை அழாதவள் அப்போதுதான் அழுதாள்.

எப்போது வருவாய் என்று நான் கேட்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை பேசும்போது அவளை வளரச் சொல். நான் சொன்னால் கேட்க மாட்டாளாம். சொன்னது அம்மாவாம்.

உன் மகளின் அப்பா