கி. கேட்ட கையெழுத்து

17-9-57, செவ்வாய்

காலையிலிருந்து தூறல். நான்காம் வகுப்பு நோட்டு முப்பத்தொன்று, திருத்தியது பதினாறு. குடையில் ஒரு கம்பி போய்விட்டது.

பள்ளிக்கூட வாசலில் அந்த ஆள். எங்கள் பழைய ரப்பர் தோட்டத்தில் கணக்கு எழுதிய கிராணி. பெயரை எழுத எனக்குக் கை வராது, கி. என்றே இருக்கட்டும். கையில் பிரஜாவுரிமைப் பாரம். ஜப்பான்காரன் சண்டைக்கு முன்பிருந்தே இந்த நாட்டில் இருப்பவர் என்று, தெரிந்தவர் ஒருவர் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டுமாம்.

"உங்களக் கேக்கக் கூடாதுதான் டீச்சர். ஆனா அந்தக் காலத்து ஆளு, எழுதப் படிக்கத் தெரிஞ்சவங்க, வேற யாரும் இல்ல."

மாட்டேன் என்பது நாக்கு நுனி வரை வந்துவிட்டது. பிள்ளைகள் வேடிக்கை பார்த்தார்கள். "வெச்சிட்டுப் போங்க" என்றேன். அடுத்த செவ்வாய் வீட்டுக்கு வருவாராம்.

ஜப்பான்காரன் காலத்தில் சயாம் ரயில் வேலைக்குத் தோட்டத்திலிருந்து பத்துப் பேர் கேட்டான். பட்டியல் எழுதியது கி. பத்தாவது பெயர் அவருடைய மச்சான். அதை அடித்துவிட்டு என் வீட்டுக்காரர் பெயரை எழுதினார். என் வீட்டுக்காரர் காய்ச்சலோடு லாரியில் ஏறினார். அவ்வளவுதான். கமலாவுக்கு அப்போது பத்து மாதம்.

மறக்கக் கூடாதது: குடை ரிப்பேர். சீமெண்ணெய். கமலாவுக்கு ரிப்பன்.

18, புதன்

வெயில், தலைவலி. மேஜை டிராயரைப் பூட்டவில்லை, என் புத்தி. கமலா பாரத்தைப் பார்த்துவிட்டாள்.

"போடப் போறீங்களாம்மா?"

"போய்ப் படி."

"மாட்டேன்னா இன்னைக்கே சொல்லிடுங்க. வேற யாரையாவது தேடட்டும்."

அவள் அப்பாவின் வாய் அப்படியே.

தப்புச் செய்த பிள்ளையைப் பத்துத் தடவை எழுதச் சொல்வேன். இன்று எனக்கே அந்தத் தண்டனை. 'மன்னித்தேன்' என்று எழுதினேன். ஏழாவதில் பேனா முனை தாளைக் கிழித்தது. விட்டுவிட்டேன்.

20, வெள்ளி

கோயில். கூட்டம்.

"அர்ச்சனை யார் பேருக்கு டீச்சர்?"

"மகள் பேருக்கு."

"உங்க பேருக்கு?"

"வேணாம்."

பன்னிரண்டு வருடமாகக் குருக்களுக்கு இதே பதில். வீட்டுக்காரர் போனதிலிருந்து சண்டை முடியும் வரை தினம் அம்மனிடம் அழுதேன். பிறகு சயாமிலிருந்து திரும்பிய ஒருவர் அவர் செத்த சேதி சொன்னார். அன்றோடு எனக்கென்று கேட்பதை நிறுத்தினேன். கொடுக்காதவளிடம் என்ன கேட்பது? படித்தேன், வேலை தேடினேன், பிள்ளையை வளர்த்தேன். யாரிடமும் கை நீட்டவில்லை. திமிர்தான். இருக்கட்டும்.

21, சனி

ஜாலான் பெண்டஹாரா கடைத்தெருவில் ரிப்பன் வாங்கினேன். துணிக்கடை வாசலில் ஸ்டூல் போட்டுக் காவல் இருக்கிறார் கி. இடது காலில் பெரிய கட்டு. ஐயோ பாவம் என்று வரவில்லை. நன்றாக வேண்டும் என்றுதான் வந்தது. வீட்டுக்கு வந்து சோறு வடிக்கவில்லை. கஞ்சி மட்டும் குடித்தேன்.

23, திங்கள்

மாளய அமாவாசை. அரை நாள் லீவு. இறந்த திதி தெரியாதவர்களுக்கு இன்றைக்குத்தான் படைக்க வேண்டும். வாழைக்காய், பூசணிக்காய், அப்பளம், பாயசம். பாயசம் சற்று அடிப்பிடித்தது.

இலை முன்னால் உட்கார்ந்து வீட்டுக்காரர் முகத்தை நினைத்தேன். கி. முகம் வந்தது. மறுபடி கண்ணை மூடினேன். மறுபடியும் கி. எல்லா வருடமும் இப்படித்தான், இன்றுதான் ஒப்புக்கொள்கிறேன். வீட்டுக்காரருக்குப் போட்ட இலையில் இந்த ஆள் வந்து உட்கார்ந்துகொள்கிறார். இவரை எழுப்ப என்னால் ஆகவில்லை.

அந்த ஆளால் என் முன்னால் வந்து கேட்க முடிந்தது. என்னால் அம்மனிடம் கேட்க முடியவில்லை. என்ன பெரிய மனுஷி நான்?

மாலை கோயில். குருக்கள் வாய் திறக்கும் முன்பே, "என் பேருக்கு. சரஸ்வதி, ரோகிணி." நிமிர்ந்து பார்த்துவிட்டுத் தட்டை வாங்கிக்கொண்டார்.

தாயே, என்னால் முடியலை. மன்னிக்கிற மனசு என்கிட்ட இல்லை. நீதான் கொடுக்கணும். இவ்வளவுதான் சொன்னேன். அழுகை நிற்கவில்லை. செட்டியார் வீட்டு ஆச்சி திரும்பித் திரும்பிப் பார்த்தார். பார்க்கட்டும்.

24, செவ்வாய்

நல்ல மழை. கி. நனைந்துகொண்டே வந்தார். வாசலிலேயே நின்றார்.

பாரத்தில் ஒரு கட்டம்: அந்த வருடங்களில் இவர் இங்கே இருந்தது உங்களுக்கு எப்படித் தெரியும்? பேனா நின்றுவிட்டது.

"உள்ளதையே எழுதுங்க டீச்சர்" என்றார். "நான்தான் அவர் பேரை எழுதுனேன். அதையும் எழுதிடுங்க."

பதினான்கு வருடத்தில் முதல் தடவையாக அவர் வாயால். கமலா உள்ளே பாத்திரம் கழுவுவதை நிறுத்தினாள்.

எழுதினேன்: 'என் கணவர் வேலு வேலை செய்த தோட்டத்தில் இவர் கிராணியாக இருந்தார்.' அதற்கு மேல் எழுத இடம் இருந்தது. எழுதவில்லை. மேலே அவர் பெயர், முழுதாக: மாரிமுத்து த/பெ வீராசாமி. கீழே என் கையெழுத்து.

உட்காரச் சொல்லவில்லை. போகும்போது குடை கொடுக்கத் தோன்றியது. கொடுக்கவில்லை. கையெழுத்துப் போடும் அளவுக்குத்தான் அம்மன் மனசு கொடுத்திருக்கிறாள்.

வெள்ளிக்குத் தேங்காய், வெற்றிலை, கற்பூரம். மீதியையும் கேட்க வேண்டும்.