குறியாக்கம்: இல்லை

ஜூன் 2, திங்கள்

கிராஞ்சி விடுதியில் இருக்கும் எங்கள் குழுமத் தொழிலாளர்கள், மருத்துவரைப் பார்க்க நேரம் பதிவு செய்யும் செயலியைப் புதிய சர்வருக்கு மாற்றும் வேலை எனக்கு. நானூற்றுப் பன்னிரண்டு பேர். அவர்கள் பெயரும் கடவுச்சொல்லும் டைரக்டரி சர்வரில் இருக்கின்றன. செயலி அங்கே கேட்டுவிட்டுத்தான் உள்ளே விடும். நடுவில் யாரும் படிக்க முடியாதபடி அந்த இணைப்பு குறியாக்கத்தோடு இருக்க வேண்டும்.

இணைப்பு கிடைக்கவில்லை. ‘சான்றிதழை நம்ப முடியவில்லை.’ எதிரே இருப்பது அசல் சர்வர்தான் என்பதற்கான அத்தாட்சி அது. பதினோரு முறை இதே செய்தி.

இன்று நான் வாய் திறந்து பேசியது காப்பிக்கடையில் ‘தே ஓ கோசோங்’ என்று தேநீர் கேட்டது மட்டும்.

ஜூன் 3, செவ்வாய்

டைரக்டரியைப் பார்த்துக்கொள்ளும் உமாமகேஸ்வரிக்கு எழுதினேன். வேறு கட்டடம். ஐந்து மாதமாக மின்னஞ்சலில் மட்டும் தெரியும். நிறுவனத்தின் மூலச் சான்றிதழை அனுப்பினார். சேர்த்தேன். அடுத்த பிழை: நான் சர்வரின் எண் முகவரியைக் கொடுத்திருந்தேன், சான்றிதழில் இருந்தது பெயர். மாற்றியதும் இணைந்தது.

சோதனைக்கு என் பதிவையே தேடினேன். ரக்ஷனா. துறை. ஊழியர் எண். கடைசியில் ‘அவசரத்துக்கு அழைக்க உள்ளூர் எண்’ — காலி. மனிதவளத் துறை மூன்று முறை கேட்டாயிற்று. யாருடைய எண்ணைப் போடுவது? ஆங் மோ கியோவில் எனக்கு அறை கொடுத்திருக்கும் கமலம் அம்மாவிடம் துணி காயப்போடும் நேரம் தவிர வேறெதுவும் பேசியதில்லை.

ஜூன் 4, புதன்

ஒன்று உறுத்தியது. பழைய சர்வரில் அந்தச் சான்றிதழே இல்லை. பிறகு அது எப்படி இணைகிறது? அமைப்புப் பக்கத்தைத் திறந்தேன்.

குறியாக்கம்: இல்லை. மாற்றியவர்: நான். மே 14.

மேலதிகாரிகளுக்குச் செயலியைக் காட்டிய நாள். அன்று காலைதான் டைரக்டரி சர்வரின் சான்றிதழை மாற்றியிருந்தார்கள். இணைப்பு அறுந்துவிட்டது, கையில் அரை மணி நேரம். காட்டி முடிக்கும்வரைதானே என்று அணைத்தேன். ‘தற்காலிகம்’ என்று குறிப்பும் எழுதியிருக்கிறேன். கைதட்டினார்கள். அப்புறம் — அப்புறம் மறந்துட்டேன். எப்படி மறந்தேன்?

இருபத்தொரு நாள். அத்தனை பேரின் கடவுச்சொல்லும் அஞ்சலட்டை மாதிரி திறந்தபடி போயிருக்கிறது. யாராவது படித்தார்களா? தெரிந்துகொள்ள வழியில்லை.

ஜூன் 5, வியாழன்

மேலாளர் ராஜீவிடம் சுற்றி வளைத்துக் கேட்டேன், பழைய அமைப்பில் ஏதாவது தவறு இருந்திருந்தால் என்று.

“பழசு எப்படியும் போகப்போகுது. ரிப்போர்ட் எழுதினா உனக்குத்தான் தலைவலி லா.”

தெரிந்துதான் சொன்னாரா? மாதக் கடைசியில் என் தகுதிகாண் காலம் முடிகிறது. வேலை போனால் இந்த நாட்டில் இருக்கும் அனுமதியும் போகும். திருச்சியிலிருந்து அப்பா அழைத்தார். எல்லாம் நல்லபடியாகப் போகிறது என்றேன்.

ஜூன் 6, வெள்ளி

நூலகத்தில் ஒரே பக்கத்தை நான்கு முறை படித்தேன்.

ஜூன் 8, ஞாயிறு

சிராங்கூன் சாலையில் விடுமுறைக் கூட்டம், நடக்க இடமில்லை. சிம் கார்டு கடை வரிசையில் எனக்கு முன்னால் இரண்டு தொழிலாளர்கள். ஒருவர் மற்றவருடைய போனைச் சரிசெய்துகொண்டிருந்தார். பாஸ்வேர்டு கேட்டார்.

“எல்லாத்துக்கும் பாப்பா பேருதான்டா.”

“பேங்க்குக்குமா?”

“பேங்க்குக்கும் அவதான்.”

இருவரும் சிரித்தார்கள். நான் வரிசையிலிருந்து வெளியே வந்துவிட்டேன்.

ஜூன் 9, திங்கள்

ராஜீவிடம் போகவில்லை. உமாமகேஸ்வரியைப் போனில் அழைத்து எல்லாவற்றையும் சொன்னேன்.

“தேதி, நேரம் எல்லாம் எழுதி அனுப்புங்க. மறைக்க முடியாது, மேல போகும்,” என்றார். பிறகு, “சான்றிதழ் மாத்துறத முன்னாடியே உங்ககிட்ட சொல்லாதது எங்க தப்பு. அதையும் நான் எழுதுறேன். சாப்டாச்சா?”

இல்லை என்று சொல்ல வந்தேன், அழுதுட்டேன்.

மதியத்துக்குள் செயலியைப் புதிய சர்வருக்கு மாற்றினேன். அவர் குறியாக்கம் இல்லாத வழியை மூடிவிட்டார்.

ஜூன் 15, ஞாயிறு

எல்லோரும் கடவுச்சொல் மாற்ற வேண்டும். கிராஞ்சி விடுதி உணவுக்கூடத்தில் மேசை போட்டோம். உமாமகேஸ்வரியும் வந்தார். குள்ளமான உருவம், தோளில் பெரிய பை.

சின்னராசு என்ற வெல்டர் கேட்டார், “யாரு செஞ்ச தப்புங்க இது?”

“நான்தாண்ணே.”

போனை என் பக்கம் நீட்டினார். “அப்ப புதுசா ஒண்ணு நீங்களே போட்டுக் குடுங்க.”

“எனக்குத் தெரியக்கூடாதுண்ணே. பேங்க்குக்கும் இதே பாஸ்வேர்டுன்னா அங்கயும் மாத்திருங்க.”

“சரி, திரும்பி நில்லுங்க.”

அதற்குப் பிறகு ஒவ்வொருவருக்கும் திரும்பி நின்றேன். மாலை வரை சுவரையே பார்த்துக்கொண்டு.

பேருந்துக்கு வெகுநேரம் காத்திருந்தோம். சாலையைப் பார்த்தபடி உமாமகேஸ்வரி சொன்னார்: “உன் டெஸ்ட் தேடலைச் சரிபார்க்கும்போது பாத்தேன். அவசர நம்பர் காலியா இருக்கு. தோணுச்சுன்னா என்னோடத போட்டுக்கோ.”

பார்க்கிறேன் என்றேன்.

ஜூன் 30, திங்கள்

தகுதிகாண் காலம் மேலும் மூன்று மாதம் நீட்டிப்பு. ராஜீவ் கடிதத்தை மேசையில் வைத்துவிட்டுப் போனார். மதியம் தனியாகத்தான் சாப்பிட்டேன்.

ஜூலை 2, புதன்

புதிய சர்வரில் மாதச் சோதனை. குறியாக்கம்: உண்டு. சான்றிதழ் சரி. வழக்கம்போல் என் பதிவையே தேடினேன். பெயர், துறை, ஊழியர் எண். கடைசியில், அவசர எண்ணுக்கான வரியில் எட்டு இலக்கங்கள், ஒன்பதில் தொடங்குகின்றன. இங்கே எழுதிவைக்கத் தேவையில்லை. மனப்பாடம்.