நிலவு வைத்த படம்

ஆவணி, வியாழன் இரவு

சுவரில் மாட்ட என்னிடம் படம் கேட்டிருந்த விடுதிக்காரர் காலையில் வந்து அதைப் பார்த்தார். நாவற்குடாக் கரையிலிருந்து தெரியும் வாவி, அமாவாசை இருட்டு, நடுவில் இறாலுக்குப் போன ஒரு தோணியின் லாம்பு வெளிச்சம். வேறொன்றும் நான் வரைந்திருக்கவில்லை.

"நல்லாத்தான் இருக்கு தங்கச்சி. ஆனா ஒரே இருட்டாக் கிடக்கே. வாற ஆக்கள் பார்த்துச் சந்தோசப்பட வேணும். ஒரு முழு நிலவ வெச்சித் தாங்க," என்றார்.

எரிச்சலாக இருந்தது. என் தம்பி தோணியில் போய்த் திரும்பி வராத இரவு அது. அவருக்கு அது தெரியாது, நானும் சொல்லவில்லை. பின்னேரம் நிலவை வைத்தேன். அழகாகவே வந்தது. அதுவும் எரிச்சல்தான்.

தேத்தண்ணி கொண்டுவந்த அம்மா படத்தின் முன்னால் நின்றுவிட்டார்.

"நிலவுக்க ஆரு புள்ள இறாலுக்குப் போற? வெளிச்சத்துல வலையில ஒண்டும் படாதே."

உண்மைதான். நிலவு நாட்களில் தம்பியும் போகமாட்டான், வீட்டில் படுத்துக் கிடப்பான். தூரிகையை எடுத்து லாம்பு வெளிச்சத்தை மூடினேன். தோணியையும் நடுவாவியிலிருந்து அழித்து, கரையில் ஒரு தென்னையோடு கட்டியபடி வரைந்தேன். அம்மா போகாமல் பார்த்துக்கொண்டே நின்றார்.

"அப்ப அவன் வீட்டதான் படுத்திருக்கான்," என்றார்.

ஓம் என்றேன்.

நாளைக்கு விடுதிக்காரர் படத்தை எடுக்க வருவார். படம் இருக்கும் முன்னறையில் அம்மா இன்னும் லைற்றை அணைக்கவில்லை.