தம்பி எடுத்த படம்

அன்புள்ள அண்ணாவுக்கு,

நீயும் அண்ணியும் பிள்ளையும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே எல்லோரும் உயிரோடு இருக்கிறோம். அதை முதலில் சொல்லிவிட வேண்டியிருக்கிறது. போனில் இதையெல்லாம் சொல்லி முடிக்க முடியாது, அதனால் எழுதுகிறேன்.

தம்பி இறந்துவிட்டான் என்று என் போனிலிருந்து வந்த செய்தி நான் அனுப்பியதில்லை. நான் குளிக்கப் போன நேரத்தில் அவனே எல்லோருக்கும் அனுப்பியிருக்கிறான். தன் சாவை வைத்தே ஒரு சிரிப்புப் படம் எடுக்கிறானாம். இதுவரை எடுத்ததை யாரும் பார்க்கவில்லையே என்ற ஆத்திரம். போனை அவன் ஒளித்துவைத்ததால் நான் ஒன்றும் தெரியாமல் வேலைக்குக் கிளம்பியதும், அலமாரி மேல் கேமராவை வைத்து, கதவைத் திறந்து போட்டு, கட்டிலுக்கடியில் படுத்துக்கொண்டான், யார் அழுகிறார்கள் என்று பார்க்க.

முதலில் வந்தவர் அவன் வேலை பார்த்த கிடங்கின் சூப்பர்வைசர். மாடிவீட்டு அக்காவும் கூட வந்திருக்கிறார். "நல்ல பையன்" என்றாராம் சூப்பர்வைசர். அடுத்த மூச்சிலேயே, "அவனோட யூனிபார்ம் எங்கம்மா இருக்கும்?" என்று அக்காவிடம் கேட்டிருக்கிறார். நம்ம ஆளுக்குப் பொறுக்கவில்லை. "கொடியில காயுது, எடுத்துட்டுப் போங்க" என்று கட்டிலுக்கடியிலிருந்து குரல் கொடுத்தான். இருவரும் செருப்பை விட்டுவிட்டு ஓடினார்கள். படத்தில் பார்த்தபோது எனக்கே சிரிப்பு வந்துவிட்டது.

அதற்குப் பிறகு அம்மா வந்தாள். தையல் கம்பெனியில் யாரோ செய்தியைக் காட்டியிருக்கிறார்கள். கழுத்தில் அளவு நாடா அப்படியே தொங்கியது. கட்டிலில் உட்கார்ந்து, அவன் தலையணையை மடியில் வைத்துத் தடவிக்கொண்டே இருந்தாள். கீழே கிடந்தவனுக்கு அவள் கால்தான் தெரிந்தது. அதைப் பிடித்துக்கொண்டு, "சும்மாதாம்மா" என்றான். அம்மா மயங்கிச் சரிந்துவிட்டாள்.

இப்போது தேறிவிட்டாள். அவனுக்குத் தட்டில் போட்டு வைக்கிறாள், பேச்சு மட்டும் இல்லை. அவனும் சாப்பிடுவதில்லை. படத்தில் அம்மா வரும் அந்த இடத்தையே சத்தமில்லாமல் திரும்பத் திரும்ப ஓடவிட்டுப் பார்க்கிறான். "இத யாரும் பாக்க வேணாம்க்கா" என்கிறான். அவன் வாயில் இப்படி ஒரு வார்த்தை வந்ததுதான் எனக்குப் பயமாக இருக்கிறது. குளியலறைத் தாழ்ப்பாளைக் கழற்றி வைத்திருக்கிறேன். டாக்டரிடம் போகலாம் என்றால் சரி என்கிறான், எழுந்திருக்க மாட்டேன் என்கிறான். எனக்கும் அலுத்துவிட்டது.

நேற்று சுவரைப் பார்த்துப் படுத்தபடி, "அண்ணன் அந்த மெசேஜப் பாத்துச்சா?" என்று கேட்டான். நீ பார்த்துவிட்டதாகப் போன் அன்றைக்கே காட்டியது. அவனும் அதைப் பார்த்திருப்பான். "வேலையா இருந்திருக்கும்டா" என்றேன்.

நான் காரணம் கேட்கவில்லை. திட்டுவதற்காகவாவது அவனை ஒருமுறை கூப்பிடு அண்ணா. நீ எங்கே இருந்தாலும் நன்றாக இரு.

உன் தங்கை