செவ்வாயில் தண்ணி

மாசி 7, புதன்

காலையில் பனி. வாசல் தானாகவே நனைந்து கிடந்தது. நேற்றுத் துவைத்தது இன்னும் ஈரம்.

நாளைக்கு எடுத்துப்போக: தேன்மொழிக்கு மூன்று சுடிதார், தொப்பி, போன் சார்ஜர். எனக்கு இரண்டு சேலை, தைலம். மத்தியானத்துக்குப் புளிசாதம். ஊறுகாய் வேண்டாம், பையில் எண்ணெய் இறங்கும்.

உட்கார முடியவில்லை. பெருக்கிய இடத்தையே பெருக்குகிறேன். அடுப்பை அணைத்தேனா என்று எழுந்து எழுந்து பார்க்கிறேன். தேன்மொழி அப்பா போன நாளிலிருந்து கால் ஒரு இடத்தில் நிற்க மாட்டேன் என்கிறது. லோடு ஆட்டோவை ரோட்டோரமாக நிறுத்தி, சாவியையும் எடுத்துச் சட்டைப்பையில் போட்டுவிட்டுத்தான் போயிருக்கிறார். நெஞ்சு வலித்த மனுசன் சாவியை ஏன் எடுத்தார் என்று யோசித்தால் அன்றைக்கு வேலை ஓடாது.

தேன்மொழிக்குக் காது கேட்காது. பேர் வைத்தபோது எங்களுக்கு அது தெரியாது. காலேஜில் ஜியாலஜி, கல்லும் மண்ணும் படிக்கிறாள். நாளையிலிருந்து நாலு நாள் பெரம்பலூர் பக்கத்தில் காரை என்கிற ஊரில் கேம்ப். வேறு கிரகத்துக் கல்லையெல்லாம் ஆராய்ச்சி செய்கிற மேடம் ஒருவர் சென்னையிலிருந்து வருகிறார். அந்த ஊர்ப் பொட்டல் ஏதோ ஒரு கிரகம் மாதிரியே இருக்குமாம். இதில் நன்றாகச் செய்கிறவர்களுக்குத் திருச்சியில் ஒரு மாதப் பயிற்சி.

இத்தனை நாள் சார் பேசுவதைக் கையால் அவளுக்குச் சொன்னவர் அவள் அப்பாதான். லோடு இல்லாத நாளெல்லாம் காலேஜில் முதல் பெஞ்சு. கருணாகரன் சார் போனில் சொன்னார், “துணைக்கு ஆள் இல்லன்னா அடுத்த வருசம் பாத்துக்கலாங்கம்மா, பாவம், பொண்ணு தடுமாறும்.” நான் வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். எனக்கு அவள் அப்பா அளவுக்குக் கை வராது. அஞ்சாவதுதான் படித்தேன்.

சாயங்காலம் நாத்தனார் வந்தார். மூட்டையைப் பார்த்ததும் வாசலிலேயே ஆரம்பம்.

“கருமாதிக்குப் போட்ட எல இன்னும் குப்பையில காயல. அதுக்குள்ள கெளம்பிட்டியா? நீயா காலேஜு படிக்கப் போற?”

“அவளுக்கு எடுத்துச் சொல்ல ஆள் வேணும் அண்ணி.”

“இவ்ளோ நாளு யாரு சொன்னா?”

“உங்க தம்பிதான்.”

அப்புறம் பழைய பாட்டு. “ஒனக்குச் செவ்வா தோசம். மறைச்சுக் கட்டிக் குடுத்துட்டாங்க. எந்தம்பிய முழுங்கிட்டு ஊரு சுத்தற.”

காபி போட்டுக் கொடுத்தேன். குடித்தார். சக்கரை கம்மி என்றார்.

மாசி 8, வியாழன்

அரியலூரிலிருந்து முதல் பஸ். பெரம்பலூரில் ஒரு கல்யாண மண்டபத்தில் தங்கல். பையை வைத்த கையோடு வேனில் காரைக்கு.

தேன்மொழியை இனிமேல் தே. என்றே எழுதுகிறேன், கை வலிக்கிறது.

மரம் மட்டை ஒன்றும் இல்லாத பொட்டல். மழை அரித்து அரித்து மண் முழுக்க வரி வரியாகப் பள்ளம். மஞ்சள், சிவப்பு, சாம்பல். ஊடே கண்ணாடி மாதிரி வெள்ளைக் கல் கோடு கோடாக. விரலால் நெம்பினால் ஏடு ஏடாக உரிகிறது. வெயில் ஏறியதும் மண் கண்ணைக் கூச வைத்தது.

சார் கல்லைப் பார்த்துக்கொண்டே பேசுகிறார். வாயைப் பார்த்தால் தே.க்குக் கொஞ்சம் பிடிபடும். முதுகைப் பார்த்தால் என்ன பிடிபடும்? நான் சார் பக்கத்தில் போய் அவளைப் பார்த்து நின்றேன். பாதி வார்த்தை இங்கிலீஷ். தெரிந்ததைச் சொன்னேன். தெரியாததை விட்டேன்.

சார் சொன்னார், “செவ்வாய்ல ஒரு காலத்துல தண்ணி ஓடியிருக்கு.”

அப்பாடா, இது சுலபம். எங்கள் தெருவில் பஞ்சாயத்துத் தண்ணி செவ்வாய்க்கிழமைதான் வரும். அதனால் எங்கள் வூட்டில் செவ்வாய் என்பதற்குக் குழாயைத் திருகுகிற மாதிரி காட்டுவோம். திருகினேன். முன்பு தண்ணி ஓடியது என்றேன். நம் தெருத் தண்ணி விஷயம் இவருக்கு எப்படித் தெரியும் என்றுகூட நினைத்தேன்.

“இப்ப எல்லாம் வத்திப்போச்சு. மேல ஒரு சொட்டு ஓடல.”

திருகினேன். இல்லை என்றேன்.

தே. முகம் சுருங்கியது. அவள் கை கேட்டது: மோட்டார் ரிப்பேரா?

அதையும் சாரிடம் கேட்டேன். “சார், மோட்டார் ரிப்பேரான்னு கேக்கறா.”

சார் திருதிருவென்று முழித்தார். பக்கத்தில் நின்ற பிரியா என்கிற பொண்ணுக்குத்தான் விளங்கியது. போனில் சிவப்பு உருண்டைப் படம் ஒன்றை எடுத்து தே.யிடம் காட்டினாள். தே. படத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். பிறகு சிரித்தாள் பாருங்கள். அவள் சத்தம் அவளுக்குக் கேட்காது, அதனால் அடக்கத் தெரியாது. பொட்டல் முழுக்கக் கேட்டது. ஆடு மேய்த்தவர் திரும்பிப் பார்த்தார். அவள் அப்பா போன பிறகு அந்தச் சத்தம் இன்றைக்குத்தான்.

செவ்வாய் கிரகத்துக்கு அங்கேயே புதுசாக ஒரு சைகை வைத்தாள். சிவப்பு என்பதற்கு உதட்டைத் தொட்டு, அப்புறம் கையை உருண்டையாகப் பிடிப்பது. பிள்ளைகள் எல்லாரும் செய்து பார்த்தார்கள். சாரும்.

இட்லி நன்றாக இருந்தது. சாம்பாரில் உப்பு.

மாசி 9, வெள்ளி

காற்று. மண் வாயெல்லாம்.

டீ நேரத்தில் மேடத்திடம் கேட்டே விட்டேன். “மேடம், இந்தச் செவ்வாயும் ஜாதகத்துல இருக்கற செவ்வாயும் ஒண்ணா?”

“ஒண்ணுதாங்க.”

“அது ஆளை முழுங்குமா?”

மேடம் சிரிக்கவில்லை. என் வெறும் நெற்றியைப் பார்த்தார். “யாருங்க சொன்னா?”

“எங்க நாத்தனார்.”

“அதுக்குப் பேர்லதான் வாய் இருக்கும்மா.”

நாத்தனாரிடம் இதை அப்படியே சொல்ல வேண்டும். சொல்ல மாட்டேன். தெரியும்.

மேடம் தே.யிடம் பேசும்போது முகத்துக்கு நேராக நின்று பேசுகிறார். முதல் நாளே கேட்டுவிட்டார், நான் எங்க நின்னா உனக்குச் சௌகரியம் என்று. சாருக்கு மறந்து மறந்து போகிறது. கெட்ட மனுசன் இல்லை. மறதி.

சார் இன்றைக்கு என்னிடம், “நீங்க வந்தது ரொம்ப உதவிங்கம்மா. இனிமே திருச்சி, சென்னை எங்க போனாலும் நீங்களே வந்துடுங்க. எங்களுக்கும் ஆள் தேடற வேலை மிச்சம்” என்றார்.

மனசு குளிர்ந்துவிட்டது. எனக்கும் ஒரு வேலை. இன்று முழுக்கக் கால் ஒரு இடத்தில் நின்றது.

மத்தியானம் அது கெட்டது. எல்லாரும் வட்டமாக நின்று என்னவோ பேசிச் சிரித்தார்கள். தே. என் தோளைத் தட்டினாள். என்ன?

ஒன்றுமில்லை, சும்மா என்றேன்.

திரும்பத் தட்டினாள். அப்புறம் சொல்கிறேன் என்றேன். எனக்கே பாதி புரியவில்லை, எதைச் சொல்ல?

அவள் கை படபடவென்று வந்தது. சும்மாவா இல்லையா என்று நான் சொல்ல வேண்டும், நீ சொல்லக்கூடாது. காலையில் மேடம் அவ்வளவு நேரம் பேசினார், நீ சொன்னது எவ்வளவு? பழையது, மண், உப்பு. மூன்றே மூன்று. நான் மூன்று வார்த்தை படிக்கவா வந்தேன்?

எனக்கும் கோபம். எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான்டி என்றேன். அப்பா மாதிரி வராது என்றேன்.

அப்பாவும் பாதியை விட்டுவிடுவார். அதை நான் உன்னிடம் சொன்னதில்லை என்றாள்.

மாசி 10, சனி

பேச்சில்லை. மற்ற பிள்ளைகள் கோபித்தால் கதவைச் சாத்துவார்கள். இவள் என்னைப் பார்க்காமல் இருந்தாலே போதும், எனக்கு வாய் போய்விடும். காலையிலிருந்து பார்க்கவில்லை.

பிரியாவுடன் பள்ளத்தில் இறங்கி வேலை செய்தாள். அவர்கள் இருவரும் போனில் எழுதி எழுதிக் காட்டிக்கொள்கிறார்கள். நான் மேட்டில் குடைக்குக் கீழே. செய்ய ஒன்றும் இல்லை. யாருடையதோ தண்ணி பாட்டிலை எல்லாம் நிரப்பி வைத்தேன். செருப்பில் ஒட்டிய மண்ணைச் சுரண்டினேன். திரும்பக் கால் ஆரம்பித்துவிட்டது, அங்கும் இங்கும். சார் சொன்னார், “உக்காருங்கம்மா, தலை சுத்துது எனக்கு.”

நாத்தனார் போன். “எப்ப வர்ற? வூடு பூட்டிக் கெடந்தா பாக்கறவங்க என்ன நெனைப்பாங்க?” ஞாயித்துக்கிழமை என்றேன். “சாப்டியா?” என்றும் கேட்டார். அதுவும் அவர்தான்.

நாலு மணி வாக்கில் தே. தானாக ஏறி வந்தாள். கையில் ஒரு கல். பழைய காலத்துக் கடல் கிளிஞ்சல் ஒன்று அதில் பதிந்திருந்தது. வெள்ளைக் கோடு அந்தக் கிளிஞ்சலையே குறுக்காக வெட்டிக்கொண்டு போகிறது. அப்படியென்றால் முதலில் கிளிஞ்சல், கடல் போய் ரொம்பக் காலம் கழித்து மண்ணுக்குள் தண்ணி வந்து அந்தக் கோடு. செவ்வாயிலும் இதே மாதிரி வெள்ளைக் கோடு பார்த்திருக்கிறார்களாம். நாளைக்கு எல்லார் முன்னாலும் இதைத்தான் சொல்லப் போகிறாள். என் வாயால்.

சாப்பாட்டுக்கு முன்னால் பழகிப் பார்த்தோம். “அவ கிளிஞ்சலைப் பாத்தாளாம்” என்று ஆரம்பித்தேன். என் உதட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தவள் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

அவள் இல்லை. நான். நான் பேசும்போது நீ நான் என்று சொல்லு.

“நான் கிளிஞ்சலைப் பாத்தேன்.” கூச்சமாக இருந்தது. நான் எதைப் பார்த்தேன்?

மாசி 11, ஞாயிறு

பனி இல்லை. விடிந்ததுமே வெயில்.

மண்டபத்தில் நாற்காலி போட்டு எல்லாரும். மணமேடையில் சீரியல் லைட்டை இன்னும் கழற்றவில்லை, அதற்குக் கீழே நின்று ஒவ்வொருவராகப் பேசினார்கள். தே. ஏழாவதோ எட்டாவதோ. நான் பக்கத்தில். இந்த நெற்றியோடு கல்யாண மேடை ஏறினது நாத்தனாருக்குத் தெரிந்தால் அவ்வளவுதான்.

“நான் பாத்த கல்லுல கிளிஞ்சல் இருக்கு. கோடு அதை வெட்டுது. அதனால கோடு பின்னாடி வந்தது.” ஒழுங்காக வந்தது. நடுவில் ஒரு வார்த்தை தெரியவில்லை. விடவில்லை, திரும்பக் கேட்டுச் சொன்னேன். எல்லாரும் காத்திருந்தார்கள். கை தட்டுவதற்குப் பதில் பிரியா இரண்டு கையையும் மேலே தூக்கி ஆட்டினாள், அதைப் பார்த்து எல்லாரும்.

கடைசியில் மேடம் பேர் வாசித்தார். ஆறு பேருக்குத் திருச்சி. தே. பேர் இருந்தது. என்ன வசதி வேண்டும் என்று ஒவ்வொருவரையும் கேட்டார். ஒரு பொண்ணு பூட்டுள்ள பாத்ரூம் என்றாள். ஒரு பையன் முட்டை சாப்பிட மாட்டேன் என்றான்.

தே. கை ஆரம்பித்தது. நானும் கூடவே. “எனக்கு... கைப்பேச்சு படிச்ச ஆள் வேணும். அதை வேலையாச் செய்யறவங்க.”

அவள் கை அடுத்துச் சொன்னதைப் பார்த்தேன். முந்தானையை இழுத்துச் செருகினேன்.

“என்ன சொல்றாங்கம்மா?” என்றார் சார்.

எதையாவது சொல்லியிருக்கலாம். அந்த மண்டபத்தில் யாருக்குக் கை தெரியும்? தே. என் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“எங்கம்மா வேணாம்” என்றேன். “எனக்கு எங்கம்மா வேணாம்.”

“ஏம்மா, அவங்க எவ்ளோ கஷ்டப்பட்டு...” என்று சார் எழுந்தார். மேடம் அவர் கையைத் தொட்டு உட்காரச் சொன்னார்.

தே. முடிக்கவில்லை. இரண்டு கையாலும் ஸ்டியரிங் பிடித்தாள். எங்கள் வூட்டில் அது அவள் அப்பா பேர். அப்புறம் உள்ளங்கையைக் கவிழ்த்தாள். கைப்பேச்சில் போயிட்டார், தவறிட்டார் என்பதெல்லாம் கிடையாது. ஒன்றுதான்.

“எங்கப்பா இருந்தவரைக்கும் நீங்க ஆள் தேடல. எங்கப்பா செத்துட்டார்.” இதுவரை நான் அந்த வார்த்தையை யாரிடமும் சொன்னதில்லை. “உடனே எங்கம்மாவயே வரச் சொல்றீங்க. நாளைக்கு எங்கம்மாவும் செத்தா, நான் படிப்ப விட்டுடணுமா?”

அவள் கை நின்றது. என் குரலும் நின்றது.

மேடம் எழுந்து தே. முகத்துக்கு நேராக வந்து நின்றார். “ஆள் வந்த பிறகுதான் அங்க பாடம் தொடங்கும். நான் பொறுப்பு.” சார் தலையைக் குனிந்துகொண்டு, “காலேஜுக்கும் ஆள் வேணும்னு நான் எழுதிக் கேக்கறேன்” என்றார்.

அதையும் நான்தான் அவளுக்குக் கையால் சொல்ல வேண்டும். சொன்னேன். முழுசாக.

பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டு. நல்ல கூட்டம், முகூர்த்த நாள் போல. கோபமா என்று கேட்டாள். இல்லை என்றேன். நான் சொன்னதை எல்லாம் விடாமல் சொன்னாயா என்றாள்.

விடாமல்.

அப்பாவைச் சொன்னதும்?

அதுவும் என்று சொல்ல, ஸ்டியரிங் பிடித்தேன். கையைக் கவிழ்த்தேன். என் கை அதைச் செய்தது இதுதான் முதல் தடவை. அவ்வளவுதான், நடு பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்துவிட்டேன். பூக்காரம்மா, “என்னாச்சு, என்னாச்சு” என்று ஓடி வந்தார். தே. இரண்டு பையையும் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டு என்னை ஒட்டி உட்கார்ந்தாள். அரியலூர் பஸ் வந்தது. போய்விட்டது. அடுத்ததும் வந்து நின்று கிளம்பியது. அதற்கும் அடுத்ததில்தான் ஏறினோம்.